தேர்வுத்தாளிலிருந்து தர அடைவுக்கு: சுங்கை சிப்புட் தமிழ்ப்பள்ளிகளை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளின் வரலாறு பெரும்பாலும் கட்டடம், மாணவர் எண்ணிக்கை, அரசின் கொள்கை ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மாணவன் கற்றானா என்பதைத் தீர்மானித்தவர் யார் என்னும் வினாவும் அவ்வரலாற்றுக்கு உரியதே. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுங்கை சிப்புட்டின் தமிழர் வாழ்வு ரப்பர்த் தோட்டங்களைச் சார்ந்து வளர்ந்தது. எல்பில், ஹீவுட், டவன்பி எனத் தோட்டப் பெயர்களைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் அதற்குச் சான்றாகும். 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப்பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆயினும், பயிற்சி பெற்ற ஆசிரியரை அச்சட்டம் உறுதிசெய்யவில்லை. கங்காணியோ கிராணியோ எழுத்தறிந்த தொழிலாளியோ கற்பித்த பள்ளிகள் பலவாகும். பிள்ளை பால்மரம் சீவும் வயதை எட்டியதும் படிப்பு நின்றுவிடும் சூழலில், அடைவை அளக்கும் தேவை பெரிதாக எழவில்லை எனலாம்.

1954ஆம் ஆண்டு வீ. தி. சம்பந்தனின் முயற்சியால் இங்கு மகாத்மா காந்தி கலாசாலை எழுந்தது. விஜயலட்சுமி பண்டிட் அதனைத் திறந்து வைத்தார். பள்ளியைச் சமூகம் எழுப்பியது. மதிப்பிடும் அதிகாரமோ படிப்படியாகப் பொதுத்தேர்வின் வயப்பட்டது. 1983இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த கே.பி.எஸ்.ஆர். கலைத்திட்டத்தைத் தொடர்ந்து, 1988இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு அறிமுகமாயிற்று. தேசிய மொழித் தாள்களில் உரிய தேர்ச்சி பெறாத தமிழ்ப்பள்ளி மாணவன், இடைநிலைப்பள்ளியில் ஓராண்டு புகுமுக வகுப்பில் பயில வேண்டியிருந்தது. ஆகவே ஆசிரியர்களுக்கான பட்டறைகளும் விடையளிக்கும் உத்திகளையே பெரிதும் நாடின.

2011இல் கே.எஸ்.எஸ்.ஆர். கலைத்திட்டத்துடன் பள்ளிசார் மதிப்பீடு தொடங்கியபோது இந்நிலை மாறியது. ஒரு மாணவனைப் பிற மாணவரோடு ஒப்பிடுவதும், வரையறுத்த திறனோடு ஒப்பிடுவதும் வேறு வேறு என 1963இல் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் கிளேசர் தெளிவுபடுத்தியிருந்தார். ஆறு நிலைகளாக அமைந்த தர அடைவு இவற்றுள் இரண்டாம் நெறியைச் சார்ந்ததாகும். ஆனால், முதன்மைப் பயிற்றுநரிடமிருந்து மாநிலம், மாவட்டம், பள்ளி எனப் படிப்படியாக இறங்கிய பயிற்சி, வகுப்பறையை அடையும்போது படிவம் நிரப்பும் பயிற்சியாகச் சுருங்கியது. சான்றுக் கோப்புகளாலும் இணையப் பதிவுகளாலும் ஆசிரியர்கள் பெருஞ்சுமைக்கு ஆளாயினர். 2014இல் கல்வி அமைச்சே அந்நடைமுறையை எளிமைப்படுத்த நேர்ந்தது.

சுமை குறைந்தபோதிலும் அடிப்படைச் சிக்கல் தீரவில்லை. எடுத்துக்காட்டாக, மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் பாட்டி பால்மரம் சீவிய கதையைப் பேச்சுநடையில், ஆனால் நிகழ்ச்சிகளைக் கோவையாக அமைத்து எழுதுகிறாள் எனக் கொள்வோம். எழுத்துப்பிழையை நோக்கும் ஆசிரியர் அவளை இரண்டாம் நிலையிலும், கருத்துக்கோவையை நோக்கும் ஆசிரியர் நான்காம் நிலையிலும் வைக்கக்கூடும். தர விளக்கம் ஒன்றே, தீர்ப்புகள் இரண்டு. முதல் தீர்ப்பில், தோட்டப்புற வீட்டு மொழி கற்றற்குறையாகக் கணிக்கப்படும் இடர் உள்ளது.

இதனைக் களைய, அண்மைப் பள்ளிகளின் ஆசிரியர்கள் ஒரே மாணவர் படைப்புகளைத் தனித்தனியே மதிப்பிட்டு, பின்னர் ஒன்றுகூடிக் காரணங்களை விவாதித்து, இசைந்த மாதிரிகளைத் தொகுத்தல் வேண்டும். பயிற்சியின் மையம் இதுவாக அமைதல் தகும். சுங்கை சிப்புட் போன்று பல தமிழ்ப்பள்ளிகள் அருகருகே அமைந்த வட்டாரத்தில் இஃது இயலாததன்று.

2021இல் யூ.பி.எஸ்.ஆர். நீக்கப்பட்டபின் ஆசிரியரின் மதிப்பீடு மேலும் கனம் பெற்றுள்ளது. தோட்டப்பள்ளி ஆசிரியருக்கு நெடுங்காலம் கிட்டாதிருந்த உரிமை இது. உரிய பயிற்சியின்றி அவ்வுரிமை அளிக்கப்படின், அதன் இழப்பு மாணவனையே சாரும்.