கள்ளியின் ரத்தம்

மெக்சிகோவின் வஹாகா நகரை அடுத்த தியோதித்லான் தெல் வாயே, சாபோதெக் நெசவாளர்களின் ஊர். இயற்கைச் சாயம் கற்க வரும் வெளிநாட்டுப் பயணியின் உள்ளங்கையில், சப்பாத்திக்கள்ளி மடலிலிருந்து கிள்ளிய ஒரு பூச்சியை வைக்கிறார்கள். செம்பருத்தியில் அப்பும் மாவுப்பூச்சியைப் போலவே இருக்கிறது. நசுக்கினால் கை முழுக்கக் கருஞ்சிவப்பு. எலுமிச்சைச் சாறு பிழிந்தால் அது ஆரஞ்சாகிறது. சுண்ணாம்பு பட்டால் ஊதாவாகிறது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்து ஆரத்தி கரைத்தவர்களுக்கு இந்த வித்தை சட்டென்று பிடிபடும்.

பூச்சியின் பெயர் கொச்சினீல். அஸ்டெக் மக்களின் நாவாத்ல் மொழியில் இதற்கு 'கள்ளிப்பழத்தின் ரத்தம்' என்று பெயர். எறும்பு முதலான எதிரிகளை விரட்ட அது உடலில் சேர்த்துவைக்கும் கார்மினிக் அமிலம்தான் சாயம். உலர்ந்த பூச்சிகளை அம்மி போன்ற கல்லில் அரைத்துக் கொதிக்கவைத்து, படிகாரத்தில் காய்ச்சிய கம்பளி நூலை அதில் முக்குகிறார்கள். ஒரு பவுண்டு எடைக்குச் சுமார் 70,000 பூச்சிகள் வேண்டும்.

அஸ்டெக் அரசர்களுக்கு மூட்டை மூட்டையாகக் கப்பம் போன பொருள் இது. ஸ்பானியர் ஆட்சியில், மெக்சிகோவின் ஏற்றுமதியில் வெள்ளிக்கு அடுத்த இடம் இதற்குத்தான். விதையா, பூச்சியா என்று ஐரோப்பா வெகுகாலம் வாதிட்டது. ஸ்பெயின் ரகசியத்தைப் பொத்திக் காத்தது. 1777-இல் தியரி தெ மெனோன்வில் என்ற பிரெஞ்சுக்காரர், பூச்சி ஒட்டிய கள்ளி மடல்களை வஹாகாவிலிருந்து கடத்திச் சென்றார்.

இந்தப் பூச்சியை வளர்க்கும் ஆசை சென்னைக்கும் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சனின் முயற்சியால் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் எழுந்தது. 1795-இல் பிரேசிலிலிருந்து கல்கத்தா வழியாகப் பூச்சியும் வந்தது. ஆனால் வந்தது காட்டு இனம். சாயம் மட்டமாக இருந்தது. கள்ளியை மட்டும் அந்தப் பூச்சி தின்று தீர்த்தது. பின்னாளில் தென்னிந்தியாவில் புதராக மண்டிய கள்ளியை அழிக்க அதையே பரப்பினார்கள்.

1856-இல் பெர்கின் என்ற வேதியியலாளரின் செயற்கைச் சாயம் பிறந்தது. அடுத்தடுத்து வந்த ஆலைச் சாயங்கள் கொச்சினீல் வியாபாரத்தைச் சாய்த்தன.

தியோதித்லானில் அந்தச் சிவப்பு இன்றும் தறி ஏறுகிறது. வஹாகாவின் வளர்ப்புக் கொட்டகைகளில் பூச்சி ஏற்றிய மடல்களை வரிசையாகத் தொங்கவிடுகிறார்கள். ஏறக்குறைய மூன்று மாதத்தில் தாய்ப்பூச்சி தடித்ததும், மடல் கீறாமல் தூரிகையால் வழித்தெடுக்கிறார்கள்.