மருந்தும் எழுத்தும்

பிணியும் வறுமையும் ஒன்றையொன்று வளர்ப்பன. பசித்த உடலைப் பிணி எளிதிற் பற்றுகிறது. பிணியுற்றவன் உழைக்க இயலாது மேலும் வறியவனாகிறான். இவ்விரண்டின் பிடியில் நெடுங்காலம் உழன்ற ஆப்பிரிக்க மக்களிடையே, பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளில், விவிலியத்தோடு மருந்துப் பெட்டியையும் சுமந்து சென்ற கிறித்தவத் தொண்டர்கள் பலர். அவர்களது வரலாற்றைத் தொண்டு செய்தவர்களின் பெயராலேயே நாம் படித்து வந்திருக்கிறோம். தொண்டினைப் பெற்றவர்கள் பின்னர் என்ன ஆயினர் என்று வினவியோர் சிலரே. கல்விக்கென ஒரு சங்கம் கண்டு இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்துள்ள நாம் கேட்க வேண்டிய வினா இதுவே எனக் கருதுகிறோம்.

முதற்கண் ஓர் உண்மையை மறவாதிருத்தல் வேண்டும். ஆப்பிரிக்கரின் வறுமை இயற்கை தந்ததன்று. பல நூற்றாண்டுகள் நடந்த அடிமை வாணிகம் அம்மக்களின் இளமையையும் உழைப்பையும் கப்பலேற்றிச் சென்றது. 1884-85இல் பெர்லின் நகரில் கூடிய ஐரோப்பிய அரசுகள், ஆப்பிரிக்கர் ஒருவரையும் அழையாமலே, அக்கண்டத்தைத் தம்முள் பங்கிட்டுக்கொள்ள விதி வகுத்தன. மண்ணைப் பறித்தவனும் மருந்து கொணர்ந்தவனும் பெரும்பாலும் ஒரே நாட்டினர்; சில வேளைகளில் ஒரே கப்பலில் வந்தவர்கள். ஆகவே அத்தொண்டினைப் புகழ்ந்து மட்டும் எழுதுவது முழு உண்மையாகாது. இகழ்ந்து மட்டும் எழுதுவதும் அவ்வாறே.

தொண்டர்களுள் உலகப் புகழ் பெற்றவர் ஆல்பர்ட் சுவைட்சர். 1875இல் அல்சேசு மாநிலத்திற் பிறந்த இவர் சமயவியல் அறிஞர். ஆர்கன் இசையில் வல்லவர். முப்பதாம் அகவையில் மருத்துவக் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்து, பட்டம் பெற்று, செவிலியப் பயிற்சி பெற்ற தம் துணைவியார் எலேனாவுடன் 1913இல் காபோன் நாட்டின் ஒகோவே ஆற்றங்கரையிலுள்ள லாம்பரினே என்னும் ஊரை அடைந்தார். அங்கு அவருக்கு வாய்த்த முதல் மருத்துவ அறை ஒரு கோழிக் கொட்டகை. மலேரியா, தூக்க நோய், தொழுநோய், வயிற்றுக்கடுப்பு, குடலிறக்கம், ஆறாப் புண் எனப் பல பிணிகளால் வருந்தியோர் ஆற்றில் பல நாள் படகேறி அவரை நாடி வந்தனர். வெள்ளையர் இழைத்த தீங்குகளுக்கு இப்பணி ஒரு கழுவாய் என்று அவர் கருதினார். 1952ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் பரிசுத் தொகையைத் தொழுநோயாளருக்கான குடியிருப்புக்கே செலவிட்டார். 1965இல் தம் தொண்ணூறாம் வயதில் அங்கேயே மறைந்தார். இத்தகைய ஈகத்தின் முன் தலை வணங்காதார் யார்?

ஆயினும் நம் கருத்து அவருக்கு அருகில் நின்ற வேறொருவர் மீதும் செல்கிறது. அவர் பெயர் ஜோசப் அசோவானி. சமையற்காரராயிருந்த இவர், சுவைட்சருக்கு மொழிபெயர்ப்பாளராகவும் உதவியாளராகவும் அமைந்தார்; நம் வழக்கிற் சொன்னால் கம்பவுண்டர். ஆப்பிரிக்க மொழிகள் பலவற்றோடு பிரெஞ்சும் ஆங்கிலமும் பேசுவார். ஆயினும் எழுதப் படிக்க அறியார். அலமாரியில் வரிசையாக நின்ற மருந்துப் புட்டிகளில் ஒட்டிய சீட்டுகளின் எழுத்துருவைப் படம் போல் மனத்திற் பதித்துக்கொண்டு, கேட்ட மருந்தைப் பிழையின்றி எடுத்துத் தருவார். இதனைச் சுவைட்சரே வியந்து எழுதியுள்ளார்.

ஆசிரியராகிய நாம் இச்செய்தியை வியப்போடு மட்டும் படித்துச் செல்ல இயலவில்லை. பல மொழிகளை நாவிலும் பல சொற்களின் வடிவை நினைவிலும் தாங்கிய ஒருவருக்கு, அவ்வெழுத்துகளைக் கூட்டிப் படிக்கும் வாய்ப்பு இளமையிற் கிட்டியிருப்பின் அவர் எத்துணை உயர்ந்திருப்பார்! சுவைட்சர் தம்மை ஆப்பிரிக்கரின் தமையனாக எண்ணினார், தமையனாகவே நடந்துகொண்டார். ஆனால் தம்பி வளர்ந்து தோளுக்கு மேல் நிற்கும் நாளை அவர் எதிர்நோக்கியதாகத் தெரியவில்லை. அரை நூற்றாண்டுப் பணியில் ஆப்பிரிக்க இளைஞரை மருத்துவராக ஆக்கும் முயற்சி அங்கே மேற்கொள்ளப்படவில்லை என்னும் குறை அவர் வாழ்நாளிலேயே எழுந்தது. அக்குறையில் நியாயம் உண்டு.

இனித் தென்னாப்பிரிக்காவை நோக்குவோம். அந்நாட்டின் கிழக்குக் கேப் பகுதியில், கோசா இன மக்கள் வாழும் ஆலிஸ் என்னும் ஊருக்கு அருகே, ஸ்காத்லாந்துத் திருச்சபையினர் 1841இல் லவ்டேல் கல்வி நிலையத்தைத் தொடங்கினர். முதல் நாளில் வந்த மாணவர் இருபதின்மர். அவருள் பதினொருவர் ஆப்பிரிக்கர், ஒன்பதின்மர் வெள்ளையர். வகுப்பில் அனைவரும் ஒருங்கே அமர்ந்து பயின்றனர். உணவு அறையிலோ அவர்களுக்குத் தனித்தனி மேசைகள்! ஒரே பாடத்தைப் படிக்கலாம், ஒரே பந்தியில் உண்ணலாகாது என்னும் அந்த ஏற்பாட்டின் பொருளை நம் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எனினும் அந்த வகுப்பறை திறந்தது திறந்ததுதான்.

முதல் தலைவர் வில்லியம் கோவன், ஆப்பிரிக்கருக்கும் இலத்தீன், கிரேக்கம் உள்ளிட்ட உயர்கல்வி வேண்டும் என்றார். அவருக்குப் பின் 1870இல் தலைமையேற்ற ஜேம்ஸ் ஸ்டூவர்ட், சிலருக்கு உயர்கல்வி என்பதைவிடப் பலருக்குப் பயன்படும் கல்வியே தேவை என்றார். தச்சு, கொல்லு, வண்டி செய்தல், அச்சுத்தொழில், புத்தகம் கட்டுதல் ஆகியவை அங்கே கற்பிக்கப்பட்டன. ஏழையின் பிள்ளைக்குக் கைத்தொழில் போதுமா, உயர்கல்வியும் உரியதா என்னும் இவ்வழக்கு நம் நாட்டிலும் தீர்ந்தபாடில்லை. கைத்தொழில் இழிந்ததன்று. ஆனால், உனக்கு இது போதும் என்று பிறர் எல்லை வகுப்பது இழிவேயாகும்.

லவ்டேலிற் கற்றோருள் ஒருவர் எலைஜா மகிவானே. அவர் திருச்சபையில் போதகராக உயர்ந்தார். அவருடைய மகள் செசிலியா 1880இல் பிறந்தார். லவ்டேல் பெண்கள் பள்ளியிற் பயின்று ஆசிரியப் பயிற்சிச் சான்றும் பெற்றார். இதற்கிடையே 1898இல் லவ்டேலில் விக்டோரியா மருத்துவமனை எழுந்தது. 1902இல் அங்கு வந்த மருத்துவர் நீல் மக்விக்கர், தங்கச் சுரங்கங்களுக்கு உழைக்கச் சென்று காசநோயோடு ஊர் திரும்பியவர்களைக் கண்டார். மருந்து மட்டும் கொடுத்து இந்நோயை வெல்ல இயலாது. நோய் எவ்வாறு பரவுகிறது என்பதை மக்கள் மொழியில் மக்களுக்கு உரைக்க அம்மக்களுள்ளேயே கற்றவர்கள் வேண்டும் என்று அவர் தெளிந்தார். ஆப்பிரிக்கப் பெண்களுக்குச் செவிலியர் பயிற்சி தொடங்கப்பட்டது. 1903இல் அதிற் சேர்ந்தவர்களுள் ஒருவர் செசிலியா மகிவானே.

அப்பயிற்சி பெயரளவிலான பயிற்சியன்று. அவருக்கெனத் தரம் குறைத்த தேர்வு ஏதும் வைக்கப்படவில்லை; குடியேற்ற நாட்டு மருத்துவ மன்றம் நடத்திய தேர்வையே அவர் எழுதினார்; வென்றார். 1908 சனவரி 7ஆம் நாள் பதிவு பெற்ற செவிலியராக அவர் பெயர் ஏட்டில் ஏறியது. தென்னாப்பிரிக்காவில் அவ்வாறு பதிவு பெற்ற முதற் கறுப்பினப் பெண்மணி அவரே. நாற்பது வயதை எட்டு முன்னரே, 1919இல், அவர் மறைந்துவிட்டார். எனினும் அவர் நடந்த வழியில் பல்லாயிரம் பெண்கள் பின்னர் நடந்தனர். இன்று அவர் பெயரால் அதே கிழக்குக் கேப் பகுதியில் ஒரு பெரிய மருத்துவமனை விளங்குகிறது.

1841க்கும் 1908க்கும் இடையே அறுபத்தேழு ஆண்டுகள். பள்ளி திறந்தவுடன் செவிலியர் தோன்றிவிடவில்லை. தந்தை எழுத்தறிந்தார், அதனால் மகள் பள்ளி சென்றாள், பள்ளி சென்றதால் தேர்வு எழுதினாள். ஒரு தலைமுறை இட்ட அடித்தளத்தில் மறு தலைமுறை சுவர் எழுப்பியது. பெண்ணுக்கு ஏன் படிப்பு என்று அந்தத் தந்தை எண்ணியிருப்பின் இவ்வரலாறே இல்லை.

மூன்றாவதாக நைசீரியாவின் தென்கிழக்கே உள்ள உசுவாகோலி என்னும் ஊரைக் குறிப்பிடுவோம். தொழுநோயாளர் ஊரினின்றும் உறவினின்றும் விலக்கப்பட்ட காலம் அது. 1932இல் மெதடிஸ்டுத் திருச்சபையினர் அங்கே அவர்களுக்கெனக் குடியிருப்பு ஒன்றை அமைத்தனர். நம் நாட்டில் நீரடிமுத்து எனப்படும் மரத்தின் இனத்து எண்ணெயை ஊசி வழியே செலுத்துவதே அந்நாளைய மருத்துவம். வலி மிகுதி, பயன் குறைவு. 1940களின் பிற்பகுதியில் டாப்சோன் என்னும் மருந்து இந்நிலையை மாற்றியது. அம்மருந்தின் வரலாற்றில் நம் தமிழகத்துக்கும் பங்குண்டு. செங்கற்பட்டுத் திருமணியில் இருந்த தொழுநோய் மருத்துவ நிலையத்தில் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் அதனை ஊசி வழியே கொடுத்துப் பயன் கண்டார். அதனை மாத்திரையாக விழுங்கினாலே போதும் என்பதை உசுவாகோலியில் மருத்துவர் ஜான் லோ நிறுவினார். மலிவான ஒரு மாத்திரை ஏழை நாடுகளின் நோயாளர்க்கெல்லாம் எட்டியது. பின்னாளில் அம்மருந்து ஒன்றுக்கு மட்டும் கிருமிகள் அடங்காமற்போகவே, 1981இல் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. அக்கூட்டிலும் டாப்சோன் இடம்பெற்றது.

அக்குடியிருப்பில் வாழ்ந்தோருள் ஒருவர் இக்கோலி ஆர்க்கோர்ட் வைட். 1905இற் பிறந்து இளமையிலேயே தொழுநோய்க்கு ஆளானவர். உசுவாகோலிக்கு வந்தபின், நோயாளரைக் கொண்டே பாடகர் குழுவொன்றை உருவாக்கினார். இக்போ மொழியில் தாமே பாடல்கள் இயற்றி இசையமைத்தார். 1949இல் நோய் நீங்கிற்று. நோய் நீங்கியவர் ஊரை விட்டுப் போகவில்லை. அக்குடியிருப்பிலேயே பணியைத் தொடர்ந்தார். 1977இல் மறையும்போது அவர் இக்போ மக்களின் தலைசிறந்த பாடலாசிரியருள் ஒருவர். தீண்டலாகாது என்று விலக்கப்பட்டவரின் பாடலை, விலக்கிய ஊராரின் கோயில்களே பாடின.

இம்மூன்று இடங்களிலும் மருந்து இருந்தது, இரக்கமும் இருந்தது. எழுத்தும் பயிற்சியும் கிட்டிய இடத்தில், தொண்டு பெற்றவர் தொண்டு செய்பவராக உயர்ந்தார். கிட்டாத இடத்தில், எத்துணை அறிவாற்றல் இருப்பினும், புட்டியை எடுத்துக் கொடுப்பவராகவே நின்றார்.

இவ்வுண்மையை நம்மினும் நன்கு உணர்ந்திருந்தது தென்னாப்பிரிக்க நிறவெறி அரசு. 1953இல் அது பாண்டு கல்விச் சட்டத்தை இயற்றியது. ஆப்பிரிக்கர் கூலிவேலைக்கு மேற்பட்ட கல்வியைக் கற்று ஆவதென்ன என்பதே அச்சட்டத்தைக் கொணர்ந்த அமைச்சர் வெர்வோர்டின் கொள்கை. திருச்சபைகளின் பள்ளிகள் அரசின் பிடிக்குள் வந்தன. லவ்டேலும் சில ஆண்டுகளில் பறிபோயிற்று. மருந்து கொடுப்பதை அவ்வரசு தடுக்கவில்லை என்பதைக் கருதுக. பாடநூலைக் கண்டே அது அஞ்சியது. எனினும் லவ்டேலின் மண் அடங்கவில்லை. 1959இல் மாணவர் போராட்டத்தில் அங்கிருந்து நீக்கப்பட்ட தாபோ இம்பெக்கி, நிறவெறி ஆட்சி 1994இல் வீழ்ந்தபின், 1999இல் அந்நாட்டின் குடியரசுத் தலைவரானார்.

லாம்பரினேயின் கதையும் சுவைட்சரோடு முடிந்துவிடவில்லை. அவருடைய மருத்துவமனை வளாகத்தில் 1981இல் தொடங்கிய ஆய்வு நிலையத்தில் இன்று ஆப்பிரிக்க அறிவியலார் முன்னின்று பணியாற்றுகின்றனர். குழந்தைகளுக்கான மலேரியாத் தடுப்பூசியைப் பல ஆப்பிரிக்க நாடுகளில் சோதித்தபோது, அவ்விடங்களுள் லாம்பரினேயும் ஒன்று. அத்தடுப்பூசியை 2021 அக்டோபரில் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஜோசப் அசோவானி சீட்டின் வடிவத்தைப் பார்த்து மருந்தெடுத்த அதே ஊரில், அவர் கண்டத்துப் பிள்ளைகள் இன்று மருந்தையே ஆராய்கிறார்கள். இடையில் நிகழ்ந்தது கல்வி ஒன்றே.

நம் சங்கத்தின் பணிகளையும் இவ்வளவுகோல் கொண்டே அளத்தல் நலம். விடுதியில் எத்தனை பிள்ளைகளுக்கு உணவளித்தோம், எத்தனை பேருக்குப் புத்தகமும் உடையும் வழங்கினோம் என்னும் கணக்கு தேவையானதே. அது ஆண்டறிக்கையில் இடம்பெறட்டும். அதனோடு வேறொரு கணக்கும் எழுதப்பட வேண்டும். நம் விடுதியில் உண்டவர்களுள் எத்தனை பேர் இன்று பிறருக்கு உணவளிக்கும் நிலையில் உள்ளனர்? எத்தனை பெண்மக்கள் மேல்நிலைக் கல்வியைக் கடந்தனர்? பட்டம் பெற்று நகர்களுக்குச் சென்றவர்களுள் எத்தனை பேர் தம் தெருவிலுள்ள அடுத்த பிள்ளையைக் கைப்பிடித்துத் தூக்கினர்? உதவி பெற்றதில் இழிவில்லை. உதவியவரை நன்றியோடு நினைத்தல் நம் கடன். தலைமுறை தோறும் உதவி பெறுபவராகவே நின்றுவிடுவதுதான் நாம் அஞ்ச வேண்டுவது.

லவ்டேலுக்கு ஒரு செசிலியாவைக் காண அறுபத்தேழு ஆண்டுகள் பிடித்தன. நமக்கு இப்போதுதான் இருபத்தைந்து நிறைந்துள்ளது. நம் முதல் அணி மாணவர்கள் இன்று பெற்றோராயிருக்கின்றனர். தம் மகளின் கையில் புத்தகத்தைக் கொடுத்து, தடையின்றிப் படி என்று அவர்கள் சொல்வார்களாயின், பொன்விழா மலரில் எழுதத்தக்க வரலாறு நமக்கும் இருக்கும்.