சக்தி இசைத்தட்டுகளின் மறுவெளியீடு

சக்தி: ஜாஸையும் கர்நாடக, இந்துஸ்தானி இசையையும் இணைத்த குழு. கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லின், வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம் ஆகியோர் இதன் தூண்கள். மெக்லாக்லின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றவர்.

1975இல் நியூயார்க்கின் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் மேடையிலேயே பதிவான முதல் தட்டு 1976இல் வெளிவந்தது. அதில் மிருதங்கம் வாசித்தவர் ராம்நாட் வி. ராகவன், சங்கீத மேதை ராம்நாட் கிருஷ்ணனின் சகோதரர். குழுவின் அடுத்த தட்டுகளான ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’, ‘நேச்சுரல் எலிமெண்ட்ஸ்’ ஆகியவற்றில் ராகவன் இல்லை.

இத்தகைய பழைய தட்டுகளை மறுவெளியீடு செய்யும்போது நடக்கும் மறுசீரமைப்பு என்பது மூல ஒலிநாடாவிலிருந்து ஒலியை மீண்டும் எடுத்து, இரைச்சலைக் குறைத்து, ஒலிச்சமன் செய்யும் பணி. இரைச்சலை மிகையாக நீக்கினால் கடத்தின் அதிர்வும் மிருதங்கத்தின் கார்வையும் மழுங்கும். ஒலியளவை மிகையாக ஏற்றினால் மெல்லொலிக்கும் வல்லொலிக்கும் உள்ள வேறுபாடு மறையும். ஆகவே சேகரிப்பவர் உறையின் பொலிவைவிட மூலநாடா எது, சீரமைத்தவர் யார் என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.