முன்பணம் கொடுத்தவர்களின் பட்டியல்

போன மாதம் பாரீஸிலிருந்து என் அக்கா மகன் வந்திருந்தான். ஐம்பது வயதை நெருங்குகிறான், இன்னும் பாட்டுப் பைத்தியம் தெளியவில்லை. சாப்பிட்டு முடித்ததும் பெட்டியிலிருந்து ஒரு பழைய சிடியை எடுத்தான். அதற்குள் இருந்த சின்னப் புத்தகத்தை என் கையில் கொடுத்து, "மாமா, இதுல என் பேரு எங்க இருக்குன்னு கண்டுபிடிங்க பார்ப்போம்" என்றான்.

பக்கம் பக்கமாகப் பெயர்கள், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. வாக்காளர் பட்டியல்கூட இதைவிடப் பெரிய எழுத்தில் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும் எனக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் அவனே விரல் வைத்துக் காட்டினான்.

"இவ்வளவு பேரும் அந்தக் குழுவுல வேலை செஞ்சவங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா. பாட்டைப் பதிவு பண்றதுக்கு முன்னாடியே காசு கட்டினவங்க."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்தக் குழுவின் கதை. அவன் சொன்னதோடு நானும் தேடிப் படித்துக்கொண்டேன்.

குழுவின் பெயர் மரில்லியன். இங்கிலாந்தில் பக்கிங்காம்ஷயரில் ஆயில்ஸ்பரி என்ற ஊரில் 1979-இல் தொடங்கியது. ஃபிஷ் என்ற பட்டப்பெயர் கொண்ட ஸ்காட்லாந்துக்காரர் பாடகராக இருந்த காலத்தில், 1985-இல், அவர்களுடைய 'மிஸ்பிளேஸ்டு சைல்ட்ஹுட்' ஆல்பம் பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது. அதிலிருந்த 'கேய்லி' பாட்டு இரண்டாம் இடம் வரை வந்தது. 1988-இல் ஃபிஷ் விலகினார். அடுத்த ஆண்டு ஸ்டீவ் ஹோகர்த் வந்து சேர்ந்தார். இசை நின்றுவிடவில்லை. ஆனால் விற்பனை வருடத்துக்கு வருடம் இறங்கியது. 1995-இல் ஈ.எம்.ஐ. கம்பெனி அவர்களைக் கைவிட்டது.

இசைக் கம்பெனி வழக்கம் எப்படி என்று தெரிந்தால்தான் இதற்குமேல் நடந்தது புரியும். கம்பெனி முன்பணம் கொடுக்கும். அதை வைத்துக் குழு பாட்டைப் பதிவு செய்யும். பிறகு விற்பனையில் குழுவுக்கு வரவேண்டிய பங்கிலிருந்து கம்பெனி அந்தப் பணத்தைக் கழித்துக்கொள்ளும். கடன் முழுக்கத் தீர்ந்தாலும் பதிவின் உரிமை பெரும்பாலும் கம்பெனியிடமே இருக்கும். வீட்டுக் கடனை அடைத்து முடித்த பிறகும் பத்திரம் வங்கியின் பெயரிலேயே இருக்கிற மாதிரி. ஒரு குமாஸ்தாவுக்கு இந்தக் கணக்கு செரிக்காது.

1997-இல் ஒரு சிறு கம்பெனி மூலம் புது ஆல்பம் வந்தது. அமெரிக்க ரசிகர்கள் அங்கே வந்து கச்சேரி செய்யச் சொல்லிக் கேட்டார்கள். கீபோர்டு வாசிக்கும் மார்க் கெல்லி ரசிகர்களின் மின்னஞ்சல் குழுவில் உள்ளதை உள்ளபடி எழுதினார்: வந்தால் நஷ்டம், அதைத் தாங்கக் கம்பெனி தயாராக இல்லை. அப்படியானால் நாங்களே பணம் திரட்டுகிறோம் என்று ரசிகர்கள் கிளம்பினார்கள். தனியாக வங்கிக் கணக்குத் திறந்து, குழுவின் கை படாமல், 60,000 டாலர் சேர்த்தார்கள். பணம் கொடுத்தவர்கள் கச்சேரிக்கும் டிக்கெட் வாங்கித்தான் போனார்கள். 'கிரவுட் ஃபண்டிங்' என்ற சொல்லே யாருக்கும் தெரியாத காலம் அது.

அடுத்த பாடத்தைக் குழு தானே கற்றுக்கொண்டது. கேட்பவர்களுக்கும் தங்களுக்கும் நடுவில் இருப்பது பணம் அல்ல, முகவரிதான் என்று கண்டுகொண்டார்கள். கடையில் ஆல்பத்தை வாங்குகிறவர் யார் என்று கம்பெனிக்கும் தெரியாது, குழுவுக்கும் தெரியாது. அதனால் முகவரிகளைச் சேர்த்தார்கள். தொடர்பு கொள்கிற ரசிகர்களுக்கு அறிமுக சிடியை இலவசமாக அனுப்பினார்கள். ரசிகர் மன்றத்துக்கு எண்பதுகளிலேயே 'தி வெப்' என்று பெயர் வைத்திருந்தார்கள். இணையம் வருவதற்கு முன்பே அப்படி ஒரு பெயர்!

2000-ஆம் ஆண்டில், கையில் இருந்த முகவரிகளில் ஏறத்தாழ 6,000 பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். இன்னும் உருவாகாத ஆல்பத்துக்கு இப்போதே பணம் தருவீர்களா என்பதுதான் கேள்வி. பெரும்பாலோர் தருவதாகப் பதில் எழுதினார்கள். கடைசியில் 12,000 பேருக்கு மேல் முன்பணம் கட்டினார்கள். அந்தப் பணத்தில் 'அனோரக்னோஃபோபியா' ஆல்பம் தயாராகி 2001-இல் வெளிவந்தது. உரிமை குழுவிடமே இருந்தது. அதைக் கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை மட்டும் ஏற்றுக்கொண்டது எந்தக் கம்பெனி தெரியுமா? முன்பு கைவிட்ட அதே ஈ.எம்.ஐ.! என் அக்கா மகன் பெயர் இருப்பது இந்த ஆல்பத்தின் புத்தகத்தில்தான்.

2004-இல் 'மார்பிள்ஸ்' ஆல்பத்துக்கும் ரசிகர்கள் முன்பணம் தந்தார்கள். இந்த முறை அது விளம்பரச் செலவுக்கும் உதவியது. அதிலிருந்து ஒரு பாட்டு பிரிட்டன் பட்டியலில் ஏழாம் இடத்துக்கு வந்தது. 2002 முதல் இன்னொரு ஏற்பாடும் செய்தார்கள். கடலோர விடுமுறை விடுதி ஒன்றைப் பிடித்து, வெள்ளி முதல் ஞாயிறு வரை ரசிகர்களோடு அங்கேயே தங்கி, இரவுதோறும் வாசிப்பது. பிறகு இது ஹாலந்துக்கும் கனடாவுக்கும் போனது. நம் ஊரில் மூன்று நாள் கோயில் திருவிழாவுக்கு வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்து சேருகிற மாதிரி, வருகிறவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களாம்.

இவர்கள்தான் இதை முதலில் கண்டுபிடித்தார்கள் என்று சொல்லமாட்டேன். பிரெஞ்சுப் பள்ளியில் நான் படித்தபோது 'சூஸ்கிரிப்ஸியோன்' என்ற சொல்லைத் திதரோவின் கலைக்களஞ்சியப் பாடத்தில்தான் முதலில் கேட்டேன். 1751-இல் வெளிவரத் தொடங்கிய அந்தப் பெருநூல், முன்கூட்டிப் பணம் கட்டியவர்களை நம்பித்தான் அச்சேறியது. 1795-இல் வியன்னாவில் பீத்தோவன் தம் முதல் எண்ணிட்ட படைப்பை வெளியிட்டபோதும், முன்பதிவு செய்தவர்களின் பெயர்ப் பட்டியல் அதில் அச்சானது. நம் உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவகசிந்தாமணியை அச்சிட ஊர் ஊராகக் கையொப்பம் வாங்கியதை அவருடைய சுயசரிதையில் படித்திருப்பீர்கள். முறை பழையதுதான். மரில்லியன் அதற்குக் கணினியைப் பயன்படுத்தியது, அவ்வளவுதான்.

இதில் ஆபத்தும் உண்டு. 2016-இல் இவர்களே ஒரு ஆல்பத்துக்குப் பிளெட்ஜ்மியூசிக் என்ற நிறுவனம் மூலம் முன்பணம் வாங்கினார்கள். அந்த ஆல்பம் பிரிட்டனில் நான்காம் இடம் பிடித்தது. ஆனால் அந்த நிறுவனம் 2019-இல் மூழ்கியது. அதை நம்பிய பல கலைஞர்களுக்கு ரசிகர்கள் கட்டிய பணம் வந்து சேரவில்லை. நடுவில் ஒருவர் புகுந்து பணப்பெட்டியை வைத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும். 2021-இல் கொரோனா பயத்தில் கச்சேரிப் பயணத்துக்குக் காப்பீடு கிடைக்காதபோது மரில்லியன் மறுபடி ரசிகர்களிடம்தான் போனது. நீங்கள் கொஞ்சம் பணம் ஒதுக்கி வையுங்கள், பயணம் தடைப்பட்டால் நஷ்டத்துக்கு எடுத்துக்கொள்கிறோம், நல்லபடியாக நடந்தால் திருப்பித் தருகிறோம் என்றார்கள். 'திருப்பித் தருகிறோம்' என்ற அந்தச் சொல்லைப் படித்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

1973-இல் புதுச்சேரியில் நாங்கள் ஏழு பேர் ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தோம். கல்யாணத்திலும் மாரியம்மன் திருவிழாவிலும் சினிமாப் பாட்டு வாசிப்போம். ஆர்மோனியம் வாசித்த நண்பன் சொந்தமாக நான்கு பாட்டு மெட்டமைத்திருந்தான். மெட்ராஸ் போய் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று ஆசை. ஆளுக்கு 5 ரூபாய் வீதம் 64 பேரிடம் வசூல் செய்தோம், மொத்தம் 320 ரூபாய். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று கணக்கு நோட்டை என்னிடம் கொடுத்தார்கள். தட்டு வந்ததும் உங்கள் பெயரை உறையில் போடுகிறோம் என்று எல்லோரிடமும் சொன்னது நான்தான்.

ஆறு மாதத்தில் ஆர்மோனிய நண்பன் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போய்விட்டான். குழு கலைந்தது. நான் 41 பேருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மீதி 115 ரூபாய் ஒத்திகைக்கு எடுத்த மைக் செட் வாடகையில் ஏற்கெனவே கரைந்திருந்தது. 23 பேருக்குக் கொடுக்கவில்லை. அவர்களும் கேட்கவில்லை. வேலையில் சேர்ந்து சம்பளம் வாங்கிய பிறகு கொடுத்திருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். அவர்களில் ஒருவர் எதிரே வந்தால் நான் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவேன். அலுவலகத்தில் ஒரு பைசா பிசகாமல் முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு எழுதியவன்தான்.

அக்கா மகன் காட்டிய பட்டியலில் 12,000 பெயர் இருந்தால் என்ன, 64 பெயர் இருந்தால் என்ன? பட்டியலில் பெயர் எழுதுவது வாக்குக் கொடுப்பது. அந்த இங்கிலாந்துக்காரர்கள் பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. யாரிடம் வாங்கினோம் என்று எழுதிவைத்தார்கள், சொன்னதைச் செய்தார்கள், பெயரை அச்சடித்துக் காட்டினார்கள். அதனால்தான் அடுத்த முறை கேட்டபோதும் கிடைத்தது. நாங்கள் எழுதி மட்டும் வைத்தோம்.

நோட்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது. அக்கா மகன் ஊருக்குப் போன மறுநாள் எடுத்துப் பார்த்தேன். அந்த 23 பேரில் ஒன்பது பேர் காலமாகிவிட்டார்கள் என்று எனக்கே தெரியும். போன வாரம் இரண்டு பேரைத் தேடிப்போய்ப் பார்த்தேன். ஒருவருக்கு எதுவும் ஞாபகம் இல்லை, காபி கொடுத்து அனுப்பினார். இன்னொருவர் சிரித்துவிட்டு, "பணம் கிடக்குது, அந்தப் பாட்டு ஞாபகம் இருக்கா? பாடு" என்றார். ஒரு பல்லவிதான் ஞாபகம் இருந்தது. பாடினேன்.

இன்னும் பன்னிரண்டு பேர் பாக்கி. 1973-இல் புதுச்சேரியில் ஒரு மெல்லிசைக் குழுவுக்கு உங்கள் அப்பாவோ மாமாவோ 5 ரூபாய் கொடுத்ததாகச் சொல்லிக் கேட்டிருந்தால், தயவுசெய்து எனக்குத் தெரியப்படுத்துங்கள். கணக்கு இன்னும் முடியவில்லை.