ஜெய்சங்கர் கையில் ஒரு துப்பாக்கி, கணபதி கையில் ஒரு துப்பாக்கி



எனக்கு முன்னால் பேசிய அண்ணன் அழகாகப் பேசினார். "அந்தக் காலத்துத் துப்பாக்கிப் படங்கள் வெறும் பொழுதுபோக்கு. பார்த்தோம், கைதட்டினோம், மறந்துவிட்டோம்" என்றார். மறந்துவிட்டோமா? கோலசிலாங்கூர் பக்கம் வாருங்கள் அண்ணே. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த, அறுபதைத் தாண்டிய யாரையாவது பிடித்து, "ஜெய்சங்கர் எப்படிச் சுடுவார்?" என்று கேளுங்கள். மூட்டுவலியை மறந்து எழுந்து நின்று, இடுப்பில் கைவைத்து, "டுமீல்" என்று சுட்டே காட்டிவிடுவார்.

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன். திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் திரை கட்டுவார்கள். பாயை எடுத்துக்கொண்டு போய் முன்வரிசையில் இடம் பிடிப்போம். அப்படிப் பார்த்த படம்தான் 1972இல் வெளிவந்த 'கங்கா'. தொப்பி, குதிரை, இடுப்பு வாரில் துப்பாக்கி. ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்கிய படம். 1970இல் 'காலம் வெல்லும்', பிறகு 'கங்கா', 'ஜக்கம்மா' என்று ஜெய்சங்கரை வைத்து அவர் ஒரு வரிசையே எடுத்தார். 'வல்லவன் ஒருவன்', 'சிஐடி சங்கர்' போன்ற படங்களால் 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்' என்று பேர் வாங்கியவரை, கர்ணன் குதிரைமேல் ஏற்றிவிட்டார். ஜெய்சங்கர் 2000ஆம் ஆண்டில் மறைந்தார். 2010இல் 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' படம் எடுத்த சிம்புதேவன், கதையில் வரும் ஊருக்கே ஜெய்சங்கர் பெயரை வைத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்தத் துப்பாக்கி எங்கிருந்து வந்தது? அமெரிக்க மேற்குப் பகுதிக் கதைகளிலிருந்து வந்தது. அங்கே அது 1873இல் வந்த கோல்ட் ரிவால்வர். ஆறு அறை கொண்டது. ஒவ்வொரு முறை சுடும்போதும் பின்னாலுள்ள சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்துவிட வேண்டும். ஆறு முடிந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொன்றாகப் போட வேண்டும். ஆனால் படத்தில்? எண்ணிப் பாருங்கள், பதினைந்து முறை சுடுவார், தோட்டா தீராது! ஹாலிவுட்டும் இதற்கு விலக்கில்லை. ஜான் வெயின் 1939இல் நடித்த 'ஸ்டேஜ்கோச்' கதை நடப்பது 1880ஆம் ஆண்டளவில். அவர் கையில் சுழலும் வின்செஸ்டர் துப்பாக்கியோ 1892ஆம் ஆண்டு மாதிரி. இன்னும் தயாரிக்கப்படாத துப்பாக்கியால் அவர் சுட்டுக்கொண்டிருந்தார்!

நம் ஊர்க் கதைக்கு இன்னொரு வேடிக்கையும் உண்டு. வெள்ளைக்காரன் 1878இல் கொண்டுவந்த ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாத இந்தியன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. விடுதலைக்குப் பிறகு வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டமும் உரிமம் கேட்டது. ஆகவே இடுப்பில் துப்பாக்கி கட்டிக்கொண்டு குதிரையில் போன தமிழன் திரையில் மட்டும்தான் இருந்தான்.

படப்பிடிப்பில் சுடுவது வெற்றுத் தோட்டா. மருந்து இருக்கும், ஈயக்குண்டு இருக்காது. நெருப்பு வரும், சத்தம் வரும், புகை வரும், குண்டு மட்டும் வராது. அதிலும் ஆபத்து உண்டு. 1993இல் புருஸ் லீயின் மகன் பிராண்டன் லீ படப்பிடிப்பிலேயே சுடப்பட்டு இறந்தார். 2021இல் அமெரிக்காவில் 'ரஸ்ட்' என்ற கவ்பாய் படத்தின் படப்பிடிப்பில், பொய்த் தோட்டா இருக்கவேண்டிய இடத்தில் நிஜத் தோட்டா இருந்துவிட்டது. பெண் ஒளிப்பதிவாளர் ஒருவர் உயிர்விட்டார்.

இப்போது என் வாதத்துக்கு வருகிறேன், நடுவர் அவர்களே.

'கங்கா' ஓடிய அந்த ராத்திரி, முதல் சண்டைக் காட்சி வந்தது. டுமீல், டுமீல். திடலே ஆர்ப்பரித்தது. என் அப்பா மட்டும் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து லயத்துக்குப் போய்விட்டார். எனக்கு ஒரே கோபம். "ஏம்பா போனீங்க?" என்று மறுநாள் கேட்டேன். "அந்தச் சத்தம் வேணாம்டா" என்றார். அவ்வளவுதான். பல வருஷம் கழித்துத்தான் மீதியைச் சொன்னார்.

நம் தோட்டத்து மக்களுக்குத் துப்பாக்கி புதிதல்ல. 1941 மே மாதம், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம். கூலி உயர்வும் மரியாதையும் கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கவேண்டிய காலம் அது. பதிலாக வந்தது துப்பாக்கிச் சூடு. ஐந்து பேர் மாண்டார்கள். அடுத்து ஜப்பான்காரன் வந்தான். 1943இல் நேதாஜி அழைத்தபோது, பால்வாளி தூக்கிய கைகள் இந்திய தேசிய இராணுவத்தில் துப்பாக்கி தூக்கின. ஜான்சி ராணிப் படையில் நம் பெண்களும் தூக்கினார்கள்.

1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் அவசரகாலம் வந்தது. அது 1960 வரை நீடித்தது. லயங்களைச் சுற்றி முள்வேலி, வாசலில் துப்பாக்கியோடு சிறப்புக் காவலர், மரம் வெட்டப் போகிறவர்களின் பையில் சோற்றுப் பொட்டலம் இருக்கிறதா என்று சோதனை. காட்டிலிருப்பவனுக்கு அரிசி கொடுத்தால் இவன் பிடிப்பான், கொடுக்காவிட்டால் அவன் சுடுவான். நடுவில் நின்றவர்கள் நம் தாத்தா பாட்டிகள். அதே 1948 டிசம்பர் 12ஆம் தேதி, உலு சிலாங்கூரில் பத்தாங் காலி தோட்டத்தில் ஆயுதமில்லாத இருபத்துநான்கு சீனத் தொழிலாளர்களை ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் சுட்டுக்கொன்றார்கள்.

அந்த அவசரகாலச் சட்டப்படி, அனுமதியில்லாமல் ஒரு துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு. யாரையும் சுட்டிருக்கவே வேண்டாம். எஸ். ஏ. கணபதி என்ற பெயரை இந்த அரங்கத்தில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். 1949 மார்ச் முதல் தேதி ரவாங் பக்கத்தில் பிடிபட்டார். அவரிடம் ஒரு கைத்துப்பாக்கியும் சில தோட்டாக்களும் இருந்தன என்பது வழக்கு. கண்டெடுத்ததைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கத்தான் கொண்டுபோனேன் என்று அவர் சொன்னதாகக் கூறுவார்கள். இந்திய அரசு பேசிப் பார்த்தும் பயனில்லை. அதே ஆண்டு மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். பிடித்த நாளிலிருந்து இரண்டு மாதமும் மூன்று நாளும்தான்.

யோசித்துப் பாருங்கள். திரையில் ஒருவர் ஐம்பது பேரைச் சுட்டார். நாம் கைதட்டினோம். நம் மண்ணில் ஒருவர் யாரையும் சுட்டதாக வழக்கே இல்லை. கழுத்தில் கயிறு விழுந்தது. சுட்டவர் பெயர் எல்லோருக்கும் தெரிகிறது, தூக்கிலே தொங்கியவர் பெயர் தெரியவில்லை. (கைதட்டல்)

இதற்கு ஜெய்சங்கரைக் குறைசொல்ல மாட்டேன். அவர் நடிகர், நடித்தார், நம்மை மகிழவைத்தார். குறை நம்மிடம் இருக்கிறது. 'கங்கா' வருவதற்கு முந்திய ஆண்டில், 1971இல், நம் நாட்டில் துப்பாக்கிக் குற்றங்களுக்குக் கடும் தண்டனைச் சட்டம் வந்தது. குற்றம் செய்யும்போது துப்பாக்கியால் சுட்டால் மரணம் என்ற நிலையும் அந்தச் சட்டத்தின்கீழ் இருந்தது. மரணதண்டனை கட்டாயம் என்ற நிலை 2023இல்தான் மாறியது. அந்தப் படத்தைப் பார்த்த எங்களில் ஒருவருக்காவது இதை யாராவது எடுத்துச் சொன்னார்களா? நாங்களாவது எங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னோமா?

புக்கிட் மெலாவத்தி குன்றுக்குக் குடும்பத்தோடு போகிறோம். 1784இல் டச்சுக்காரன் பிடித்த கோட்டை என்று பிள்ளைகளுக்குச் சொல்லி, பீரங்கிமேல் உட்காரவைத்துப் படம் எடுக்கிறோம். நல்லதுதான். இறங்கி வரும் வழியில், அந்த லயத்து வாசலில் நின்ற துப்பாக்கியைப் பற்றியும் சொல்லுங்கள். இன்று கைப்பேசி விளையாட்டில் நாள் முழுக்கச் சுட்டுக்கொண்டிருக்கிறான் என் பேரன். அவனிடம் படத்தைப் பார்க்காதே, விளையாடாதே என்று நான் சொல்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்துபோன என் அப்பாவின் கதையைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு ஒருநாள் அவன் கேட்டான்: "தாத்தா, அந்தக் கணபதி நல்லவரா, கெட்டவரா?"

அந்தக் கேள்வி வந்துவிட்டதல்லவா, அதுதான் பாடம். ஆகவே துப்பாக்கிப் படங்களைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடாமல், அவற்றின் பக்கத்தில் நம் வரலாற்றையும் வைத்துச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டு விடைபெறுகிறேன்.