துப்பாக்கிச் சங்கத்தின் தேர்தலில் யாருக்கு வாக்களிப்பது?

அமெரிக்காவில் துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றிய சர்ச்சை எழும்போதெல்லாம் தேசிய ரைபிள் சங்கத்தின் பெயரும் கூடவே அடிபடும். செனட்டர்களையும் ஜனாதிபதி வேட்பாளர்களையும் அச்சங்கம் எவ்வாறு பணிய வைக்கிறது என்பது குறித்து ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால், அச்சங்கத்தின் உள்ளே நடைபெறும் தேர்தல்கள் வெளியுலகின் கவனத்தைப் பெறுவது அரிது. இத்தனைக்கும் அதன் வரலாற்றின் திருப்புமுனைகள் பலவும் அந்த உட்தேர்தல்களோடு பின்னிப் பிணைந்தவையே.

சங்கத்தின் பணிப்பாளர் சபையில் 76 பேர் அங்கம் வகிக்கிறார்கள். இவர்களில் 75 பேர் மூன்று வருட பதவிக்காலத்துக்குத் தெரிவாகிறவர்கள். ஆண்டுதோறும் அவர்களில் மூன்றிலொரு பங்கினரின் இடங்களுக்குத் தபால் மூலம் தேர்தல் நடைபெறும். எஞ்சிய ஒருவர் வருடாந்தக் கூட்டத்திலேயே ஓராண்டுக்குத் தெரிவு செய்யப்படுவார். ஆயுட்கால உறுப்பினர்களுக்கும், ஐந்து வருடங்கள் இடைவிடாது சந்தா செலுத்தியவர்களுக்கும் மாத்திரமே வாக்குரிமை உண்டு. வாக்குச்சீட்டு சங்கத்தின் சஞ்சிகையோடு சேர்ந்து வீட்டுக்கு வரும். அதனை நிரப்பித் திருப்பி அனுப்புகிறவர்கள் வாக்குரிமை உடையோரில் பத்திலொரு பங்கைக் கூட எட்டுவதில்லை.

சீட்டைக் கையில் எடுக்கும் உறுப்பினருக்கு ஒரு விசித்திரமான சங்கடம் காத்திருக்கிறது. வேட்பாளர்கள் எல்லோருமே துப்பாக்கி உரிமையை ஆதரிப்பவர்கள். அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தத்தைப் பாதுகாப்போம் என்று எல்லோருமே எழுதியிருப்பார்கள். கொள்கையை வைத்து ஒருவரை விலக்கி இன்னொருவரைத் தெரிவு செய்வதற்கு அங்கே வழியில்லை. ஆகவே பெரும்பாலானவர்கள் அறிந்த பெயர்களைத் தேடினார்கள். நடிகர் டொம் செலெக், ரொக் இசைக்கலைஞர் டெட் நூஜென்ற், கூடைப்பந்து வீரர் கார்ல் மலோன் போன்றோர் அச்சபைக்கு வந்தது அப்படித்தான். சங்கத்தின் பணத்தை யார் கண்காணிப்பார் என்ற கேள்வி வாக்காளரின் மனதில் எழுவதற்கு நெடுங்காலம் பிடித்தது.

இச்சங்கம் 1871 ஆம் ஆண்டு நியூயோர்க்கில் தோற்றுவிக்கப்பட்டது. உள்நாட்டுப் போரில் தமது படையினர் குறிபார்த்துச் சுடத் தெரியாதிருந்ததைக் கண்டு சலித்த வடபகுதி இராணுவ அதிகாரிகளே அதன் மூலவர்கள். முதல் தலைவர் ஜெனரல் அம்புரோஸ் பேர்ன்சைட். அடுத்த நூறு ஆண்டுகளில் பெரும்பகுதி சுடுபயிற்சியிலும் வேட்டையிலும் கழிந்தது. ஜனாதிபதி கெனடியைக் கொல்வதற்கு ஒஸ்வால்ட் பயன்படுத்திய ரைபிள், சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்த விளம்பரம் ஒன்றின் மூலம் தபாலில் வாங்கப்பட்டது. அதன் பின்னர் தபால்மூல விற்பனையைக் கட்டுப்படுத்தும் யோசனைக்கு அன்றைய தலைமை பெரிய எதிர்ப்புக் காட்டவில்லை. 1968 ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாறே நிறைவேறியது. கீழ்மட்ட உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் அதனை ஒரு துரோகமாகவே கருதினர்.

1975 இல் சங்கம் தனது அரசியல் பிரிவை ஆரம்பித்து, எல்லைக் காவற்படையின் முன்னாள் தலைவரான ஹார்லன் கார்ட்டரிடம் ஒப்படைத்தது. மறுவருட இறுதியில், ஓய்வுபெற்ற ஜெனரலான நிறைவேற்று உப தலைவர் மக்ஸ்வெல் ரிச்சின் நிர்வாகம் சுமார் 80 ஊழியர்களை ஒரே வாரஇறுதியில் பணிநீக்கியது. கார்ட்டரும் வெளியேறினார். தலைமையகத்தை வாஷிங்டனிலிருந்து கொலராடோ ஸ்பிரிங்ஸுக்கு இடம் மாற்றவும், நியூ மெக்சிகோவில் பெரும் வெளிக்கள விளையாட்டு மையமொன்றை அமைக்கவும் திட்டங்கள் தயாராயின. அரசியலை விட்டு வேட்டைக்குத் திரும்புவதே தலைமையின் நோக்கம் என்பது தெளிவாயிற்று.

எதிர்ப்பை ஒழுங்கமைத்தவர்களில் முக்கியமானவர் நீல் நொக்ஸ். அவர் ஒரு பத்திரிகையாளர். துப்பாக்கிப் பிரியர்களுக்கான சஞ்சிகைகளின் ஆசிரியராகப் பணியாற்றியவர். சங்கத்தின் யாப்பை வரி வரியாகப் படித்து, கூட்டத்துக்கு வருகை தந்திருக்கும் ஆயுட்கால உறுப்பினர்களின் பெரும்பான்மை வாக்கினால் எதையெல்லாம் மாற்ற முடியும் என்பதை நொக்ஸும் தோழர்களும் கண்டறிந்தனர். (சங்கங்களின் பொதுக்கூட்டங்களில் அமர்ந்து செய்தி எழுதியவர்களுக்குத் தெரியும், யாப்பைப் படித்துக்கொண்டு வருகிற ஓர் உறுப்பினர் மேடையில் இருப்பவர்களுக்கு எத்தகைய தலைவலி என்பது.)

1977 மே 21 ஆம் திகதி சின்சினாட்டி நகரில் கூடிய வருடாந்தக் கூட்டத்துக்கு அவர்கள் வேட்டைக்காரர்களின் செம்மஞ்சள் நிறத் தொப்பிகளை அணிந்து வந்தனர். மண்டபத்தின் மூலைகளிலிருந்து கம்பியில்லாக் கருவிகளில் ஒருவரோடொருவர் பேசி, ஒன்றன்பின் ஒன்றாகப் பிரேரணைகளை எழுப்பினர். அதிகாலை மூன்றரை மணியளவில் எல்லாம் முடிந்தபோது பழைய தலைமை பதவி இழந்திருந்தது. கார்ட்டர் நிறைவேற்று உப தலைவரானார். இடமாற்றத் திட்டம் கைவிடப்பட்டது.

அந்த இரவில் நிறைவேறிய யாப்புத் திருத்தங்களே எமது விடயத்துக்கு முக்கியமானவை. நிறைவேற்று உப தலைவரை உறுப்பினர்களே தெரிவு செய்யும் உரிமை பெறப்பட்டது. பணிப்பாளர் சபைக்கு நியமனக் குழு காட்டுகிற பெயர்களுக்கு அப்பால், உறுப்பினர்கள் கையொப்பம் திரட்டித் தமக்கு வேண்டியவர்களை நிறுத்துவதற்கான வழி அகலத் திறக்கப்பட்டது. முதலாவது உரிமை பின்னாளில் சபையின் கைக்கே திரும்பிச் சென்றுவிட்டது. இரண்டாவது நிலைத்தது.

கார்ட்டரின் காலத்தில் உறுப்பினர் தொகை சுமார் மூன்று மடங்கானது. பதினேழு வயதில் டெக்சாஸின் லரேடோ நகரில் 15 வயதுச் சிறுவன் ஒருவனைச் சுட்டுக்கொன்று, கொலைக் குற்றவாளியாகக் காணப்பட்டு, மேன்முறையீட்டில் அத்தீர்ப்பு நீங்கப் பெற்றவர் அவர் என்பது 1981 இல் பத்திரிகைகளில் அம்பலமானது. ஆனால் அது அவரது செல்வாக்கைக் குலைக்கவில்லை. மறுவருடம் அவர் தனது தோழர் நொக்ஸையே அரசியல் பிரிவின் தலைமைப் பதவியிலிருந்து நீக்கினார். அதற்கு முன்னர், 1978 இல், நொக்ஸின் காலத்தில் அப்பிரிவில் பணிக்குச் சேர்ந்த இளைஞர்களில் ஒருவர் வெய்ன் லாபியர்.

லாபியர் 1991 இல் நிறைவேற்று உப தலைவரானார். மீண்டும் சபைக்கு வந்திருந்த நொக்ஸ், சங்கத்தின் நிதி கரைவதையும் விளம்பர நிறுவனம் ஒன்றுக்குப் பெருந்தொகை செல்வதையும் சுட்டிக்காட்டி அவரை எதிர்த்தார். 1997 பெப்ரவரியில் லாபியரை அகற்ற எடுத்த முயற்சி தோல்வி கண்டது. அவ்வருடம் மே மாதம் சியாட்டில் நகரில் முதலாம் உப தலைவர் பதவிக்கு நொக்ஸை எதிர்த்து நிறுத்தப்பட்டவர் ஹொலிவூட் நடிகர் சார்ல்டன் ஹெஸ்டன். 1968 ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆதரித்து அறிக்கை விட்ட நடிகர்களில் ஒருவர்தான் இந்த ஹெஸ்டன். கொள்கைத் தூய்மையே அளவுகோலாக இருந்திருக்குமானால் நொக்ஸ் இலகுவாக வென்றிருக்க வேண்டும். ஆனால் சபை உறுப்பினர்கள் நான்கு வாக்கு வித்தியாசத்தில் ஹெஸ்டனைத் தெரிவு செய்தனர். மறுவருடம் ஹெஸ்டன் தலைவரானார்.

நொக்ஸ் எளிதில் பழகக்கூடிய மனிதர் அல்லர். எந்த விட்டுக்கொடுப்புக்கும் இடமளியாத அவரது போக்கு மிதவாதிகளை அச்சுறுத்தியது. அவரது வெற்றி சங்கத்தை வெளியுலகில் மேலும் தனிமைப்படுத்தும் என்று ஹெஸ்டனுக்கு வாக்களித்தவர்கள் கருதியதில் நியாயம் இருந்தது. எனினும் அவரோடு சேர்த்து அவர் எழுப்பிய கணக்குகள் பற்றிய கேள்வியையும் அவர்கள் தோற்கடித்தார்கள் என்றே இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது. நொக்ஸ் 2005 இல் காலமானார்.

அந்தக் கேள்வி 2019 இல் மீண்டும் வெடித்தது. லாபியரின் செலவுகளைக் கேள்விக்குட்படுத்திய சங்கத் தலைவர் ஒலிவர் நோர்த், இண்டியானாபொலிஸ் மாநாட்டில் இரண்டாவது பதவிக்காலம் மறுக்கப்பட்டு வெளியேறினார். நியூயோர்க் மாநில சட்டமா அதிபர் லெட்டீஷியா ஜேம்ஸ் 2020 ஓகஸ்ட்டில் வழக்குத் தொடுத்தார். சங்கம் 2021 ஜனவரியில் டெக்சாஸ் நீதிமன்றத்தில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. அந்த முடிவு பணிப்பாளர் சபைக்கே முன்கூட்டி அறிவிக்கப்படவில்லை என்பது விசாரணையில் தெரியவந்தது. நல்லெண்ணத்தோடு தாக்கல் செய்யப்பட்டதல்ல என்று கூறி மே மாதத்தில் நீதிபதி மனுவைத் தள்ளுபடி செய்தார்.

இந்தக் கட்டத்தில் சாதாரண உறுப்பினரின் சங்கடம் முன்னெப்போதையும் விடக் கூர்மையடைந்தது. லெட்டீஷியா ஜேம்ஸ் ஜனநாயகக் கட்சிக்காரர். பதவிக்கு வருமுன்னரே இச்சங்கத்தைப் பயங்கரவாத அமைப்பு என்று வர்ணித்தவர். அவர் நீதிமன்றத்தில் கூறுவதையே தமது வாக்கினாலும் கூறுவதா என்று பலர் தயங்கினர். தலைமையும் அந்தத் தயக்கத்தையே தனது கேடயமாகப் பயன்படுத்தியது. எதிரி வாசலில் நிற்கும்போது கணக்குக் கேட்பவன் துரோகி என்ற வாதம் எந்த இயக்கத்திலும் எடுபடக்கூடியது. கையொப்பம் மூலமாக வேட்பாளரை நிறுத்துவதற்குத் தேவையான தொகையும் 2010 களின் பிற்பகுதியில் உயர்த்தப்பட்டிருந்தது. சின்சினாட்டியில் திறக்கப்பட்ட கதவு பாதி சாத்தப்பட்டிருந்தது எனலாம்.

ஆயினும் 2024 இல் நால்வர் அக்கதவின் வழியே நுழைந்தனர். கன்சாஸ் மாநில நீதிபதி பிலிப் ஜேர்னி, றொக்கி மார்ஷல், டெனிஸ் பியுசாரோ, ஜெவ் நொக்ஸ் ஆகியோர் சீர்திருத்தத்தை முன்னிறுத்தி ஓர் அணியாக நின்றனர். ஜெவ் நொக்ஸ் வேறு யாருமல்லர், நீல் நொக்ஸின் மகன். ஜேர்னியும் மார்ஷலும் முன்னர் சபையில் இருந்துகொண்டே வங்குரோத்து மனுவை எதிர்த்தவர்கள். வாக்குச்சீட்டுகள் வீடுகளைச் சென்றடைந்த காலத்தில்தான் நியூயோர்க்கில் வழக்கு விசாரணையும் நடந்துகொண்டிருந்தது. லாபியர் ஜனவரி இறுதியோடு பதவி விலகினார். பெப்ரவரி 23 ஆம் திகதி, அவர் சங்கத்துக்கு 54 இலட்சம் டொலர் நட்டம் ஏற்படுத்தியதாக ஜூரிகள் தீர்ப்பளித்தனர். அதில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட தொகையை அவர் ஏற்கெனவே திருப்பிச் செலுத்தியிருந்தார்.

மே மாதத்தில் டல்லாஸில் முடிவுகள் வெளியானபோது நால்வருமே வென்றிருந்தனர். அதே கூட்டத்தில் சபை, பழைய தலைமை விரும்பியவரை விடுத்து, சங்கத்தின் வெளியீட்டுப் பிரிவைச் சேர்ந்த டக் ஹம்லினை நிறைவேற்று உப தலைவராகத் தெரிவு செய்தது. நீதிபதி வெளியாரான கண்காணிப்பாளர் எவரையும் சங்கத்துக்கு நியமிக்க மறுத்தார். ஆனால் லாபியர் பத்து ஆண்டுகளுக்கு அங்கு பதவி வகிக்கத் தடை விதித்தார். 2025 ஏப்ரலில் அட்லாண்டாவில் சபை கூடியபோது சீர்திருத்த அணியின் பில் பச்சன்பேர்க் தலைவராகத் தெரிவானார்.