உண்ணிச்செடி

உண்ணிச்செடி (லன்டானா கமாரா) என்பது வெர்பினேசியே குடும்பத்தைச் சேர்ந்த, பல்லாண்டு வாழும் புதர்ச்செடி ஆகும். இது நாயுண்ணி என்றும் அழைக்கப்படுகிறது. நடு அமெரிக்கா, தென் அமெரிக்கா ஆகியவற்றின் வெப்பமண்டலப் பகுதிகளே இதன் தாயகம். பூவின் அழகுக்காகவும் உயிர்வேலிக்காகவும் உலகின் பல நாடுகளில் நடப்பட்ட இச்செடி, தோட்டங்களிலிருந்து வெளியேறிக் காடுகளிலும் மேய்ச்சல் நிலங்களிலும் பரவியது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் வல்லுநர் குழு தொகுத்த, உலகின் மிகக் கேடான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இதுவும் ஒன்று. தோட்டத்தில் விரும்பப்பட்ட இதன் பண்புகளே காட்டில் இதனை ஒழிக்க முடியாத களையாக ஆக்கின.

பெயரும் வகைப்பாடும்

இச்செடிக்கு 1753 ஆம் ஆண்டில் கரோலஸ் லின்னேயஸ் அறிவியற் பெயர் இட்டார். லன்டானா என்பது வைபர்னம் என்னும் ஐரோப்பியச் செடியின் பழைய பெயராகும். இரண்டின் பூங்கொத்துகளும் தோற்றத்தில் ஒத்திருப்பதால் அப்பெயர் இதற்கு வழங்கலாயிற்று. ஐரோப்பியத் தோட்டக்கலைஞர்கள் பலமுறை கலப்பினம் செய்து நூற்றுக்கணக்கான வகைகளை உருவாக்கியுள்ளனர். ஆகவே இன்று பல நாடுகளில் களையாக உள்ளவை ஒரே காட்டுச் செடியின் வழிவந்தவை அல்ல. தோட்ட வகைகளின் கலப்பு வழித்தோன்றல்கள் ஆகும்.

பண்புகள்

உண்ணிச்செடி பொதுவாக 2 முதல் 4 மீட்டர் உயரம் வளரும். மரங்களின்மேல் படர்ந்து அதனினும் உயரமாக ஏறுவதும் உண்டு. தண்டு நான்கு பட்டைகளாக இருக்கும். பெரும்பாலும் வளைந்த முட்கள் காணப்படும். இலைகள் எதிரெதிராக அமைந்து, சொரசொரப்பாக இருக்கும். கசக்கினால் கடுமையான மணம் வீசும். சிறு பூக்கள் கொத்தாகப் பூக்கும். பூ விரியும்போது மஞ்சளாக இருந்து, நாளடைவில் செம்மஞ்சள், இளஞ்சிவப்பு அல்லது சிவப்பாக மாறுவதால் ஒரே கொத்தில் பல நிறங்கள் தோன்றும். பச்சை நிறக் காய்கள் பழுத்துக் கருநீலமாகும்.

நீர் ஊற்றாவிடினும் வாடாமை, ஆண்டின் பெரும்பகுதியும் பூத்தல், ஆடுமாடு கடிக்காமை, தண்டை ஒடித்து நட்டாலும் வேர்விடுதல் ஆகியவை வேலிச் செடிக்கு வேண்டிய குணங்கள். ஒரு செடி ஓராண்டில் 12,000 பழங்கள் வரை தரக்கூடும். கொண்டைக்குருவி, மைனா போன்ற பறவைகள் அவற்றைத் தின்று விதைகளைத் தொலைவில் எச்சமாக இடுகின்றன. இதனால் வேலியைக் கத்தரித்துப் பேணுபவரின் நிலத்தைவிட, அவர் காணாத இடங்களிலேயே இது மிகுதியாகப் பரவுகிறது.

பரவிய வரலாறு

இந்தியாவிற்கு இது கொல்கத்தா தாவரவியல் பூங்கா வழியாக 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. ஆண்டு 1807 என்றும் 1809 என்றும் குறிக்கப்படுகிறது. இலங்கைக்கு 1826 இல் பேராதனைத் தாவரவியல் பூங்கா வழியாக வந்தது. ஹவாய்த் தீவுகளுக்கு 1858 இல் மருத்துவரும் தாவரவியலாளருமான வில்லியம் ஹில்லபிராண்ட் இதனைக் கொண்டுவந்தார். பயிரை அழிக்கும் புழுக்களைக் கட்டுப்படுத்த 1865 இல் இந்தியாவிலிருந்து மைனாக்களைத் தருவித்தவரும் அவரே. அம்மைனாக்கள் உண்ணிப் பழங்களைத் தின்று விதைகளைத் தீவெங்கும் பரப்பின.

இந்தியாவில் 1,50,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட காட்டுப்பரப்பில் இச்செடி பரவியிருப்பதாக 2020 இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. முதுமலை, பந்திப்பூர், சத்தியமங்கலம் ஆகிய காடுகளில் இது அடர்ந்து காணப்படுகிறது. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன மலையில் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நிலத்துண்டுகளில் 1997 இல் 41 விழுக்காட்டில் இருந்த உண்ணிச்செடி, 2008 இல் 81 விழுக்காட்டில் காணப்பட்டது. முன்னர் தாம் ஆண்டுதோறும் மூட்டிவந்த சிறு தரைத்தீ தடைசெய்யப்பட்டதே இப்பெருக்கத்திற்குக் காரணம் என்பது அம்மலையில் வாழும் சோலிகர் பழங்குடியினரின் கருத்தாகும்.

விளைவுகள்

உண்ணிப்புதர் நெருங்கி வளரும் இடத்தில் புல்லும் மரக்கன்றுகளும் ஒளியின்றி நலிகின்றன. இதன் இலையிலிருந்தும் வேரிலிருந்தும் வெளிப்படும் வேதிப்பொருள்கள் பிற விதைகள் முளைப்பதைத் தடுப்பதாகவும் ஆய்வுகள் காட்டியுள்ளன. மான், காட்டெருது, யானை முதலியவற்றின் மேய்ச்சல் குறைகிறது. கோடையில் காய்ந்த புதர் எரிபொருளாகித் தரைத்தீயை மரக்கிளைகளுக்கு ஏற்றுகிறது.

இலைகளில் உள்ள லன்டடீன் என்னும் நச்சுப்பொருள் கால்நடைகளின் கல்லீரலைத் தாக்கும். மஞ்சள்காமாலையும், வெயில் பட்ட தோல் வெடித்துப் புண்ணாதலும் இதன் அறிகுறிகள். பழகிய மாடுகள் இதனைத் தவிர்த்துவிடும். வறட்சியில் வேறு தீனி கிடைக்காதபோதும், புதிய இடத்திற்கு ஓட்டிச் செல்லப்படும்போதும் தின்றுவிடுகின்றன.

கட்டுப்பாடு

1902 இல் ஆல்பர்ட் கோபெல் என்னும் பூச்சியியலாளர் மெக்சிக்கோவிலிருந்து ஹவாய்க்கு 23 வகைப் பூச்சிகளை அனுப்பினார். அவற்றுள் எட்டு அங்கு நிலைபெற்றன. களையொன்றை ஒடுக்கப் பூச்சிகளைத் திட்டமிட்டுத் தேடிக் கொணர்ந்த முதல் முயற்சியாக இது கருதப்படுகிறது. இந்தியாவிற்கு 1941 இல் கொண்டுவரப்பட்ட டெலியோனீமியா என்னும் பூச்சி, தேக்குப் பூக்களையும் தின்பது தெரியவந்ததால் கைவிடப்பட்டது. ஆயினும் அது தேராதூனில் இருந்த ஆய்வுக்கூடத்திலிருந்து தப்பி வெளியே பரவியது. அதனால் தேக்கிற்குப் பெருங்கேடு நேரவில்லை; உண்ணிச்செடியும் அழியவில்லை.

வெட்டினாலும் எரித்தாலும் அடிக்கட்டையிலிருந்து இது மீண்டும் தழைக்கும். ஆகவே, மண்மட்டத்திற்குச் சற்றுக் கீழே ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிடும் முறையைச் சூழலியலாளர் சி. ஆர். பாபுவும் அவருடைய குழுவினரும் உருவாக்கினர். அகற்றிய இடத்தில் உடனே உள்நாட்டுப் புற்களை வளர்ப்பதும், பறவைகள் இடும் விதைகளிலிருந்து முளைக்கும் கன்றுகளைத் தொடர்ந்து சில ஆண்டுகள் பிடுங்குவதும் இம்முறையின் இன்றியமையாத பகுதிகள். ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றிக் காடுகளை மீட்பதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022 இல் வெளியிட்டது.

பயன்கள்

தண்டுகளை வேகவைத்துப் பட்டை உரித்து நாற்காலி, கூடை முதலியன செய்கின்றனர். கூடலூர் வட்டாரப் பழங்குடிக் கைவினைஞர்கள் இத்தண்டுகளால் செய்த முழு உருவ யானைகள் 2021 இல் இலண்டன் பூங்காக்களிலும், 2024 முதல் அமெரிக்காவிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. வெட்டப்படும் அளவு, முளைக்கும் அளவோடு ஒப்பிடுகையில் மிகச் சிறியதே.

தோட்டங்களில் இன்றைய நிலை

தென்னாப்பிரிக்கா முதலிய சில நாடுகளில் இதன் விற்பனைக்குத் தடை உண்டு. வேறு பல நாடுகளில் நாற்றுப்பண்ணைகள் இதனைத் தொடர்ந்து விற்கின்றன. காய்க்காதவை என்று விற்கப்படும் வகைகளிலும் சிலவற்றின் மகரந்தம் பிற செடிகளைச் சூல்கொள்ளச் செய்யும். அமெரிக்காவின் புளோரிடாவில் மட்டுமே வாழும் லன்டானா டிப்ரெசா என்னும் அரிய செடி, தோட்டத்து உண்ணிச்செடியுடன் கலப்புற்றுத் தன் தனி இனத்தை இழக்கும் நிலையில் உள்ளது.

இவற்றையும் பார்க்கவும்

சீமைக்கருவேலம்
ஆகாயத்தாமரை
பார்த்தீனியம்